திருத்தம் கூடக் கூடச் சுருங்கிய கட்டுரைகள்: செந்தூல் மாணவி ஒருத்தியின் ஆங்கில எழுத்து பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

கோலாலம்பூரின் செந்தூல் வட்டாரத்தில், கோயில் மண்டபம் ஒன்றில், வார நாள்களின் இரவில் இலவசப் பிரத்தியேக வகுப்பு நடக்கிறது. ரயில்வே பணிமனையில் வேலை செய்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பூட்டப்பிள்ளைகளும் இன்று சுற்றியுள்ள அடுக்குமாடி வீடுகளில் வாழ்கிறார்கள். வகுப்புக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போனவர்கள். அங்கே ஆங்கிலம் எடுப்பது என் பொறுப்பு.

இந்தப் பதிவு அவர்களில் ஒரு மாணவியைப் பற்றியது. பெயரையும் அடையாளம் காட்டும் விவரங்களையும் விட்டிருக்கிறேன். வகுப்பில் என்னிடம் வந்தபோது அவள் படிவம் நான்கில் இருந்தாள். தமிழ்ப்பள்ளிக்குப் பிறகு மலாய்மொழியில் தேறுவதற்காக ஓராண்டு புகுமுக வகுப்பிலும் இருந்தவள். அப்பா லாரி ஓட்டுநர். அம்மா மருத்துவமனையில் துப்புரவுப் பணி செய்கிறார். மகள் தாதியாக வேண்டும் என்பது இருவரின் ஆசை. மகளின் ஆசையும் அதுவே.

வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கடையிலும் கைப்பேசியிலும் மலேசியர்களுக்கே உரிய பேச்சு ஆங்கிலம் என்று அவள் நாள் முழுவதும் மூன்று மொழிகளுக்கு நடுவே இருந்தாள். அவற்றுள் தமிழ்தான் அவளுக்கு வலுவான மொழி. எழுவாய், பயனிலை, ஒருமை, பன்மை, விகுதி என்றால் என்ன என்று யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. அவளுடைய ஆங்கிலத்தைப் பற்றிப் பேசிய யாரும் இதை ஒரு பலமாகக் கணக்கில் எடுக்கவில்லை.

படிவம் ஐந்தின் முடிவில் மாணவர்கள் எழுதும் எஸ்.பி.எம். அரசுத் தேர்வில், ஆங்கிலத் தாள் 2021 முதல் ஐரோப்பிய மொழித்தர அளவீட்டை ஒட்டி மாற்றப்பட்டது. எழுத்துத் தாளில் மூன்று பகுதிகள் உண்டு: ஏறத்தாழ 80 சொற்களில் ஒரு மின்னஞ்சல், 125 முதல் 150 சொற்களில் வழிகாட்டலுடன் ஒரு கட்டுரை, 200 முதல் 250 சொற்களில் ஒரு நீள்கட்டுரை. உள்ளடக்கம், வாசகரோடு தொடர்புகொள்ளும் திறன், ஒழுங்கமைப்பு, மொழி ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் தருகிறார்கள். இலக்கணம் இவற்றுள் மொழி என்ற ஒன்றில் அடங்குகிறது. இதை நினைவில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எளிதில் விளங்கும்.

எனக்கு முன்பு இந்த வகுப்பில் ஆங்கிலம் எடுத்தவர் பகல் முழுவதும் அலுவலகத்தில் உழைத்துவிட்டு வந்து கட்டுரை திருத்திய ஒரு தன்னார்வலர். ஒரு பிழையைக்கூட விடாமல் சிவப்பு மையில் திருத்தி, சரியான வடிவத்தை மேலே எழுதித் தருவார். பள்ளியிலும் அதே முறைதான். இரண்டு இடங்களிலும் அக்கறைக்குக் குறைவில்லை. பிழையைப் பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தால் மாணவருக்குத் துரோகம் செய்கிறோம் என்ற எண்ணம் நல்ல ஆசிரியர்களுக்கு இயல்பாகவே வருவது.

கவனித்தவை

அவளுடைய பழைய பயிற்சிப் புத்தகங்களை வாங்கி முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படித்தேன். பிழைகளை எண்ணத் தொடங்கும் முன்பே வேறொன்று கண்ணில் பட்டது. கட்டுரைகள் சுருங்கிக்கொண்டே வந்திருந்தன.

தொடக்கத்தில் எழுதிய கட்டுரைகளில் ஒன்று பத்துமலைத் தைப்பூசம் பற்றியது. அம்மா பால்குடம் சுமந்து 272 படிகளும் ஏறியது, பாதி வழியில் கால் தடுமாறியது, கூட்டத்தில் தம்பி காணாமல் போனது, கடைசியில் தண்ணீர்ப் பந்தலில் யாரோ கொடுத்த மோரைக் குடித்தபடி அவன் உட்கார்ந்திருந்தது எல்லாம் அதில் இருந்தன. வரிக்கு வரி பிழையும் இருந்தது. பக்கம் முழுவதும் சிவப்பு.

சில மாதங்கள் கழித்து மறுபடியும் ஒரு விழாவைப் பற்றி எழுதியிருந்தாள். இந்த முறை தீபாவளி. தீபாவளி ஒரு விழா, பலர் கொண்டாடுகிறார்கள், புத்தாடை அணிகிறோம், மிகவும் மகிழ்ச்சியாக இருக்கும் என்ற அளவில் கட்டுரை முடிந்துவிட்டது. கேட்ட நீளத்தில் பாதிகூட இல்லை. பிழைகள் மிகக் குறைவு. கீழே 'முன்னேற்றம்' என்ற பொருளில் ஒரு பாராட்டு. சிவப்பு மையைத் தவிர்க்க ஒரு வழியைக் கண்டுபிடித்திருந்தாள்: எந்த வாக்கியத்தில் சொல்வதற்கு ஒன்றும் இல்லையோ அந்த வாக்கியத்தில் பிழையும் வராது. நான்கு அளவுகோல்களில் ஒன்றைக் காப்பாற்றப் போய் மற்ற மூன்றையும் அவள் இழந்துகொண்டிருந்தாள். வகுப்பில் பிறரிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரே கையெழுத்தில், ஒரே புத்தகத்தில், மாதவாரியாக இவ்வளவு தெளிவாகப் பார்த்தது அப்போதுதான்.

பிழைகள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்பது அடுத்த வேலை. அவளுடைய பழைய கட்டுரைகள் சிலவற்றைத் திருத்தம் எதுவும் இல்லாமல் படியெடுத்து அவளிடமே கொடுத்தேன். 'இதில் எங்கெல்லாம் பிழை இருக்கிறது என்று நினைக்கிறாயோ அங்கெல்லாம் கோடு போடு' என்று மட்டும் சொன்னேன். பேனாவுக்குப் பதில் பென்சில் கேட்டாள். அவள் கோடு போட்ட இடங்களையும் போடாமல் விட்ட இடங்களையும் ஒப்பிட்டபோது பிழைகள் மூன்று வகையாகப் பிரிந்தன.

முதல் வகை, கேட்டால் அவளே திருத்திக்கொள்ளும் பிழைகள். 'டூ பிரதர்' என்று எழுதியிருந்த இடத்தில் உடனே எஸ் சேர்த்தாள். நேற்று நடந்ததைச் சொல்லும்போது நிகழ்கால வினை போட்டிருந்த சில இடங்களையும் கண்டுபிடித்தாள். விதி அவளுக்குத் தெரியும். எழுதும் வேகத்தில் கை அதை விட்டுவிடுகிறது. மலாயில் 'பஞ்ஞாக்' (நிறைய) என்று சொல்லிவிட்டால், அல்லது எண்ணைச் சொல்லிவிட்டால், பெயர்ச்சொல் மாறாது. தமிழிலும் 'இரண்டு மாடு' என்று பேசுகிறோம். இரண்டு மொழிகளும் ஒரே பக்கம் இழுக்கும்போது ஆங்கிலத்தின் எஸ் விடுபடுவதில் வியப்பில்லை.

இரண்டாம் வகை, விதி தெரியாத பிழைகள். 'எ', 'தி' இரண்டையும் எங்கே போடுவது, எங்கே விடுவது என்பதில் அவளுக்குப் பிடிமானமே இல்லை. இவை இரண்டும் தமிழிலும் இல்லை, மலாயிலும் இல்லை. கோடு போட்ட இடங்களில் பாதி சரியாக எழுதப்பட்டவை. முன்னிடைச்சொற்களும் (ப்ரெபொசிஷன்) அப்படித்தான்: 'டிஸ்கஸ்' என்ற வினைக்குப் பின் 'அபௌட்' போடுவது, 'மேரீட்' என்பதோடு 'வித்' சேர்ப்பது.

மூன்றாம் வகைதான் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது. இவை தொடக்கக் கட்டுரைகளில் இல்லை. திருத்தம் தீவிரமான பிறகு முளைத்தவை. முன்பு 'மை ஃபாதர் டிரைவர்' என்று எழுதியவள் அவள். தமிழில் 'அப்பா டிரைவர்' என்றால் முழு வாக்கியம், மலாயிலும் அப்படியே. அங்கே இஸ் விடுபட்டது என்று பலமுறை சிவப்பில் பார்த்தபின், இஸ் என்பது எழுவாய்க்குப் பின் கட்டாயம் வர வேண்டிய ஒன்று என்று முடிவு செய்துவிட்டாள் போலும். 'ஷி இஸ் கோ', 'ஐ ஆம் அக்ரீ' என்று எழுதத் தொடங்கினாள். வினையின் எஸ் விடுபட்டதையும் அதேபோல் திருத்திக் காட்டியதால், 'ஷி கேன் கோஸ்', 'ஷி டஸ் நாட் லைக்ஸ்', 'தே கோஸ்' என்று எல்லா இடத்திலும் எஸ் வந்தது. இந்தப் பிழைகளை அவளுக்குத் தமிழும் கற்றுக்கொடுக்கவில்லை, மலாயும் கற்றுக்கொடுக்கவில்லை. அரைகுறையாகப் புரிந்த திருத்தங்களிலிருந்து அவளே ஒரு விதியை உருவாக்கி, அதை ஒழுங்காகப் பின்பற்றிக்கொண்டிருந்தாள்.

பிழையைப் பற்றி யோசித்தவர்கள் இதை முன்பே சொல்லியிருக்கிறார்கள். கைதவறி வருவது வேறு, மாணவரின் மனத்திலுள்ள விதியிலிருந்து வருவது வேறு என்று மொழியியலாளர் பிட் கார்டர் 1967இல் பிரித்துக் காட்டினார். கற்பவரின் மொழி தாய்மொழியும் ஆகாது, கற்கும் மொழியும் ஆகாது, இடைநிலையில் தனக்கென்று ஓர் ஒழுங்கு உள்ளது என்ற கருத்தை 1972இல் இன்னொரு மொழியியலாளர் லாரி செலிங்கர் முன்வைத்தார். எல்லாப் பிழையையும் 'தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறாள்' என்று ஒரே வரியில் முடித்துவிடும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. இந்தப் புத்தகங்கள் அதற்கு இடம் தரவில்லை. படர்க்கை ஒருமையின் எஸ் விடுபடுவதையே பாருங்கள். வினைக்கும் எழுவாய்க்கும் இயைபு காட்டுவதில் தமிழ் ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு கண்டிப்பானது. 'அவள் போகிறான்' என்று எந்தத் தமிழ்ப் பிள்ளையும் சொல்லாது. தவிரவும், ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசிய மூன்று குழந்தைகளை ஆராய்ந்து 1973இல் உளவியலாளர் ரோஜர் பிரவுன் வெளியிட்ட வரிசையிலும் இந்த எஸ் பிந்தித்தான் நிலைபெறுகிறது. தாமதமாக வரும் ஒன்றைத் தாய்மொழியின் குற்றமாக்குவது பிள்ளைக்கும் நியாயமில்லை, தமிழுக்கும் நியாயமில்லை.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, எல்லாவற்றையும் திருத்துவதை நிறுத்துவது. இது எளிதாக எடுத்த முடிவு இல்லை. எழுத்தில் இலக்கணத் திருத்தம் பயனற்றது, தீங்கும் செய்யும், அதைக் கைவிட வேண்டும் என்று 1996இல் இரண்டாம் மொழி எழுத்தை ஆராய்ந்த ஜான் டிரஸ்காட் வாதிட்டார். 1999இல் அதே துறை ஆய்வாளர் டேனா ஃபெரிஸ் அதை மறுத்தார். விதியால் விளக்கக்கூடிய பிழைகளுக்குத் திருத்தம் உதவும், பழக்கத்தால் மட்டுமே வரக்கூடியவற்றுக்கு வேறு வழி வேண்டும் என்ற வேறுபாட்டை அவர் வலியுறுத்தினார். அவளுடைய புத்தகங்களைப் பார்த்தபின் நான் ஃபெரிஸின் பக்கம் நின்றேன். விதியால் விளக்கக்கூடியதாகவும், அடிக்கடி வருவதாகவும், வாசகரை இடறச் செய்வதாகவும் உள்ள பிழைகளை மட்டும் எடுப்பது. மற்றவற்றைக் குறிக்காமல் விடுவது.

அப்படித் தேர்ந்தெடுத்தது வினையின் வடிவம். மூன்றாம் வகைப் பிழைகள் முழுவதும் அதில் அடங்கின. அடுத்தது, எண்ணுக்குப் பின் வரும் பன்மை. அது அவள் ஏற்கெனவே பாதி கடந்துவிட்ட பாலம் என்பதால் சீக்கிரம் வெற்றி தரும் என்று எதிர்பார்த்தேன். 'எ', 'தி' இரண்டையும் பிற்பாடு பார்ப்பதென்று ஒத்திவைத்தேன். முன்னிடைச்சொற்களை விதியாகச் சொல்லிக்கொடுப்பதில்லை, வினையோடு சேர்த்தே மனத்தில் பதிய வைப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இரண்டாம் முடிவு, விளக்கத்தைத் தமிழ் இலக்கணத்தின் வழியாகத் தருவது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று நினைக்கிறவர்கள் பலர். என் கருத்து வேறு. பேச்சுப் பயிற்சிக்கு அந்தக் கட்டுப்பாடு பொருந்தலாம். பதினாறு வயதுப் பெண்ணுக்கு ஓர் இலக்கண விதியை விளக்கும்போது, அவளுக்கு நன்றாகத் தெரிந்த இலக்கணத்தைப் பூட்டி வைத்துவிட்டு அரைகுறையாகத் தெரிந்த மொழியில் விளக்குவதில் எந்தப் பயனும் இல்லை.

'ஷி கேன் கோஸ்' ஏன் தவறு என்பதை இப்படி எடுத்துக்கொண்டோம். 'அவள் போகிறாள்' சரி. 'அவள் போகிறாள் முடியும்' என்று சொல்வாயா என்று கேட்டேன். சிரித்தாள். 'போக முடியும்' என்றாள். முடியும், வேண்டும், கூடும் என்பவற்றின் முன்னால் தமிழில் வினை தன் விகுதியை இழந்து 'போக' என்று நிற்கிறது. ஆங்கிலத்தில் கேன், மஸ்ட், வில் ஆகியவற்றுக்குப் பின்னாலும் வினை அப்படித்தான் எதையும் சேர்த்துக்கொள்ளாமல் நிற்கிறது. எதிர்மறையும் அதே கதை. 'போகிறாள்' என்பதன் எதிர்மறை 'போகவில்லை'. ஆள் விகுதி அங்கே போய்விடுகிறது. 'டஸ் நாட் லைக்' என்பதில் எஸ் ஏன் இரண்டாம் முறை வராது என்று அதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவளே சொன்னாள்: 'அப்படியென்றால் டஸ் அந்த எஸ்ஸை எடுத்துக்கொண்டுவிட்டது, டீச்சர்.' எந்தப் பாடநூலிலும் இதைவிடத் தெளிவான வாக்கியத்தை நான் பார்த்ததில்லை.

'ஷி இஸ் கோ' என்பதற்கு 'போய்க்கொண்டிருக்கிறாள்' உதவியது. இருக்கிறாள் என்பதை ஒட்டுவதென்றால் முன்னால் உள்ள வினையும் அதற்கேற்ற வடிவம் எடுக்க வேண்டும். 'போ இருக்கிறாள்' என்று இருக்க முடியாது. இஸ் வந்தால் கோயிங், இஸ் வராவிட்டால் கோஸ். ஆங்கிலத்திலும் முன்னொரு காலத்தில் தன்மைக்கு ஒன்று, முன்னிலைக்கு ஒன்று, படர்க்கைக்கு ஒன்று என வினை விகுதிகள் இருந்தன. நிகழ்காலத்தில் அவற்றுள் மிஞ்சியது இந்த ஒரு எஸ்தான் என்று சொன்னபோது, அவளுக்கு அந்த எழுத்தின்மேல் ஒரு பரிவே வந்துவிட்டது.

குறிப்பதற்கும் தமிழ்ப் பெயர்களையே வைத்தோம். தமிழ் இலக்கணம் வழுக்களை, அதாவது பிழைகளை, திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழாகப் பிரிக்கிறது. அவற்றுள் இட வழு (எழுவாயின் தன்மை, முன்னிலை, படர்க்கைக்கு வினை பொருந்தாமை), கால வழு இரண்டையும் எடுத்துக்கொண்டு, எண் வழு என்று ஒன்றை நாங்களே சேர்த்தோம். முன்னிடைச்சொல் பிழைகளுக்கு மரபு வழு என்ற பெயர் நன்றாகவே பொருந்தியது: ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, அப்படிச் சொல்வதுதான் வழக்கு.

மூன்றாவது, சரியான விடையை நான் எழுதித் தருவதில்லை. தேர்ந்தெடுத்த வகையில் பிழை உள்ள வரியின் ஓரத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. அந்த வரியில் எது பிழை என்று அவள் தேட வேண்டும். பழகியபின் புள்ளியும் இல்லை, பக்கத்தின் அடியில் எத்தனை என்ற எண் மட்டும். கடைசியில் அதுவும் இல்லை.

நான்காவது, ஒரே கட்டுரையை இரண்டு முறை எழுதுவது. முதல் முறை எழுதும்போது இலக்கணத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் பேசமாட்டேன். என்ன நடந்தது, யார் இருந்தார்கள், வாசிக்கிறவருக்கு எது விளங்கவில்லை என்றுதான் கேட்பேன். இரண்டாம் முறைதான் வினைகளைப் பார்ப்பது.

கடைத்தெருவில் நாம் பேசும் ஆங்கிலத்தைப் பற்றியும் ஒரு முடிவு தேவைப்பட்டது. 'ஆல்ரெடி ஈட்', 'காட் மெனி பீப்பிள்' என்பவை மலாயின் சுடாஹ் (ஏற்கெனவே), அடா (இருக்கிறது) ஆகியவற்றின் சாயலில் அமைந்தவை. கோலாலம்பூரில் மூன்று இனத்தவரும் ஒருவரையொருவர் இவற்றால் நன்றாகவே புரிந்துகொள்கிறார்கள். அந்தப் பேச்சைப் பிழை என்று சொல்லவில்லை. தேர்வுத்தாளில் எழுத வேறொரு நடை இருக்கிறது என்று மட்டும் சொல்லி, இரண்டையும் பக்கம் பக்கமாக எழுதிக் காட்டினேன்.

பின்பு நடந்தது

முதல் சில வாரங்களில் கட்டுரைகள் நீளவில்லை. புள்ளி இல்லாத வரிகளைக் காட்டி, 'இது சரியா டீச்சர், சரியா டீச்சர்' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். குறிக்காமல் விட்டால் சரி என்று பொருளில்லை, இப்போதைக்கு அதைப் பார்க்கவில்லை என்றுதான் பொருள் என்று திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அம்மாவும் வந்தார். வேலை முடிந்து சீருடையோடு நேராக மண்டபத்துக்கு வந்து, மகளின் புத்தகத்தை என்முன் விரித்தார். 'முன்பு இருந்த ஐயா பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுப்பார். இதில் ஒன்றுமே இல்லையே. பிள்ளைக்கு எல்லாம் சரியாகிவிட்டதா?' அந்தக் கேள்வி நியாயமானது. இங்கிலீஷ் தெரியாத ஒரு தாய்க்கு, ஆசிரியர் உழைக்கிறார் என்பதற்குச் சிவப்பு மை ஒன்றுதான் சாட்சி. தைப்பூசக் கட்டுரையையும் தீபாவளிக் கட்டுரையையும் அருகருகே வைத்து, இரண்டிலும் என்ன எழுதியிருக்கிறது என்று மகளையே தமிழில் சொல்லச் சொன்னேன். தம்பி காணாமல் போன கதை வந்ததும் அவர் முகம் மாறியது. 'இது ஏன் இரண்டாவதில் இல்லை?' என்று கேட்டார். அதற்கு மகள், 'எழுதினால் தப்பு வரும்' என்றாள். அதன்பின் நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை. புத்தகத்தின் முன்னட்டையில், இந்த மாதம் எந்த வழுவை மட்டும் பார்க்கிறோம் என்று தமிழில் எழுதி ஒட்டினோம். அம்மா அதைப் படித்துவிட்டு வீட்டில் அவளிடம் கேட்பார் என்பது எதிர்பாராத நன்மை.

பள்ளியில் பழைய முறை தொடர்ந்தது. அங்கிருந்து சிவப்பாகத் திரும்பி வரும் கட்டுரையைத் தூக்கி எறிய வேண்டாம், அதிலுள்ள திருத்தங்களை வழுவாரியாகப் பிரித்து எழுதிக் கொண்டு வா என்றேன். பள்ளி ஆசிரியரின் உழைப்பு அதன்பின் எங்களுக்குப் பயன்படும் மூலப்பொருள் ஆயிற்று.

வினைப் பிழைகளில் முதலில் மறைந்தவை 'கேன் கோஸ்' வகையும் 'இஸ் கோ' வகையும்தான். எதிர்பார்த்ததைவிட வேகமாக மறைந்தன. தானே உண்டாக்கிய விதி தவறு என்று தெரிந்ததும் அவளே அதைக் கைவிட்டுவிட்டாள். பன்மையும் பெருமளவு சரியாயிற்று. விடுபடும் எஸ் அப்படிக் குறையவில்லை. ஒவ்வொரு வினைக்கும் கோடு போட்டு, 'எழுவாய் எங்கே?' என்று அம்புக்குறி வரைவது அவளுடைய பழக்கமாயிற்று. இதனால் குறுகிய வாக்கியங்களில் எஸ் நிலைத்தது. எழுவாயும் வினையும் தள்ளி நிற்கும் வாக்கியங்களில் மறுபடியும் தடுமாறினாள். 'சந்தையில் விற்கும் காய்கறிகளின் விலை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுதும்போது விலை என்ற எழுவாய் முன்னால் போய்விடுகிறது, காய்கறிகள் என்ற பன்மை வினைக்கு அருகில் வந்து நிற்கிறது. அவள் அருகில் நிற்பதற்கு ஏற்ப வினையை மாற்றினாள். தமிழில் 'காய்கறிகளின் விலை' என்று எழுவாய் எப்போதும் பின்னால்தான் வரும். தலைச்சொல்லை முன்னால் தேடும் பழக்கம் நமக்கு இல்லை. இங்கே தாய்மொழியின் செல்வாக்கு உண்மையாகவே தெரிந்தது.

கட்டுரைகள் நீளத் தொடங்கியபோது பிழைகளின் மொத்த எண்ணிக்கையும் ஏறியது. இதைப் பெற்றோருக்கும் மாணவிக்கும் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தது நல்லதாயிற்று. புதிய வாக்கிய அமைப்புகளை முயன்றாள்: 'இருந்தாலும்' என்ற பொருளுக்கு 'ஆல்தோ'வில் தொடங்கி நடுவில் 'பட்'டும் போட்டாள்; இறந்தகாலத்துக்குள் இன்னொரு இறந்தகாலத்தை நுழைக்கப் பார்த்தாள். இவை முன்பு அவள் எட்டிக்கூடப் பார்க்காத இடங்கள். அங்கே விழுகிற பிழைக்கும் மூன்று வரி தீபாவளிக் கட்டுரையின் பிழையின்மைக்கும் ஒரே தராசை வைக்கக்கூடாது.

படிவம் ஐந்தில் 'எ', 'தி' இரண்டையும் எடுத்தோம். இங்கும் தமிழ் கைகொடுத்தது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் ஏதோ ஒரு புத்தகம். 'புத்தகத்தை வாங்கினேன்' என்றால் நமக்குத் தெரிந்த அந்தப் புத்தகம். அஃறிணைப் பெயரில் ஐ உருபு வரும் இடமும் வராத இடமும் ஆங்கிலத்தின் இந்த இரண்டு சொற்களுக்கு ஒரு வாசலைத் திறக்கின்றன. வாசல் மட்டும்தான். எழுவாயாக நிற்கும் பெயருக்கு ஐ வராது என்பதால் அங்கே இந்த வழி உதவாது. 'அட்வைஸ்', 'ஃபர்னிச்சர்' போல எண்ண முடியாத பெயர்கள் வந்தால் குழப்பம்தான். ஒருவரைப் பற்றி முதல் முறை சொல்லும்போதும் மறுமுறை சொல்லும்போதும் என்ன வரும் என்பது அவளுக்குப் பிடிபட்டது. மற்ற இடங்களில் காதுக்குப் பட்டபடி எழுதினாள். அதற்குமேல் அந்த ஆண்டில் போக நான் முயலவில்லை. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது, ஒரு 'தி' விடுபட்டதால் வாசகருக்கு விளங்காமல் போன இடம் அவள் கட்டுரைகளில் அநேகமாக இல்லை.

விளைவு

பள்ளி முன்னோட்டத் தேர்வில் மூன்று பகுதிகளையும் கேட்ட நீளத்துக்கு எழுதி முடித்தாள். நீள்கட்டுரையில் அம்மா வேலை செய்யும் மருத்துவமனை வார்டைப் பற்றி எழுதியிருந்தாள். படுக்கை விரிப்பு மாற்றும்போது ஒரு மூதாட்டி அம்மாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டது பற்றி ஒரு பத்தி. அந்தப் பத்தியில் ஒரே ஒரு இட வழு இருந்தது. நான்கு இடங்களில் 'தி' இல்லை. படித்த எவருக்கும் அந்தக் காட்சி விளங்கியிருக்கும்.

எஸ்.பி.எம்.மில் ஆங்கிலத்துக்கு அவளுக்கு சி பிளஸ் கிடைத்தது. கிரெடிட் கணக்கில் அது சேரும். அந்த மதிப்பெண்ணை முழுவதும் இந்த முறையின் கணக்கில் எழுத மாட்டேன். இதே காலத்தில் பள்ளி நூலகத்திலிருந்து ஆங்கிலக் கதைப்புத்தகங்கள் எடுத்துப் படிக்கத் தொடங்கியிருந்தாள். பள்ளி ஆசிரியரும் கடைசி மாதங்களில் அவளுக்குத் தனியாக நேரம் ஒதுக்கினார். வயதும் ஒன்று கூடியது. இந்த முறையால் வந்தது என்று உறுதியாகச் சொல்லக்கூடியது 'கேன் கோஸ்', 'இஸ் கோ' வகைப் பிழைகள் போனதும், தன் எழுத்தைத் தானே திரும்பிப் பார்க்கும் பழக்கம் வந்ததும்தான். தேர்வுத்தாளின் ஓரத்தில்கூட அம்புக்குறி வரைந்ததாகச் சொன்னாள்.

பேச்சில் அந்த எஸ் இன்னும் வருவதில்லை. பேசும்போது கோடு போடவும் அம்பு வரையவும் நேரம் இல்லை. தாதியர் படிப்புக்கான நேர்காணலில் அவள் ஆங்கிலத்தில் பேச வேண்டியிருக்கலாம் என்பதால் அதை இப்போது தனியாகப் பழகுகிறோம்.

மாற்றிச் செய்யப் போகிறவை

அடுத்த குழுவுக்குச் சிலவற்றை வேறு மாதிரி அமைக்கிறேன். பெற்றோர் கேள்வியோடு வரும்வரை காத்திருக்காமல், புத்தகத்தின் முன்னட்டைக் குறிப்பு முதல் வாரத்திலேயே ஒட்டப்படும். பள்ளி ஆசிரியர்களுக்கும் அதன் படி ஒன்று போகும். அவர்கள் தங்கள் முறையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று கேட்பதற்காக அனுப்பவில்லை, இந்த மாதம் இந்தப் பிள்ளை எதைத் தேடிக்கொண்டிருக்கிறது என்று அவர்களுக்குத் தெரிவதற்காக.

திருத்தாத படியைக் கொடுத்து மாணவரையே கோடு போடச் சொல்லும் சோதனையை ஆண்டின் தொடக்கத்தில் ஒரு முறையும் நடுவில் ஒரு முறையும் வைக்கப் போகிறேன். புதிதாக முளைக்கும் பிழைகள் நடுவில்தான் தெரியவருகின்றன.

எழுவாய் தள்ளி நிற்கும் நீண்ட வாக்கியங்களுக்கான பயிற்சி, குறுகிய வாக்கியங்களில் எஸ் நிலைத்த உடனேயே தொடங்கும். முன்னிடைச்சொற்களுக்கு வாசிப்பைத் தவிர வேறு நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதனால் வாரம் ஒரு கதையை வகுப்பிலேயே உரக்கப் படிக்க நேரம் ஒதுக்கியிருக்கிறோம்.

தமிழ் இலக்கணம் இவ்வளவு நன்றாகத் தெரியாத பிள்ளைகளும் வகுப்பில் இருக்கிறார்கள். சிலர் தமிழ்ப்பள்ளிக்குப் போகாதவர்கள். எழுவாய் என்ற சொல்லையே கேட்டிராதவர்கள். அவர்களும் வீட்டில் தமிழ்தான் பேசுகிறார்கள், 'அவள் போகிறாள் முடியும்' என்றால் அவர்களும் சிரிக்கிறார்கள். ஆகவே இலக்கணப் பெயர்களை விட்டுவிட்டு, காதுக்குத் தவறாகப் படும் தமிழ் வாக்கியங்களிலிருந்தே தொடங்கும் ஒரு பயிற்சித்தாளை அவர்களுக்காகத் தயாரித்து வருகிறேன். அதிலுள்ள வாக்கியங்களில் பாதியை எழுதித் தந்தவள் இந்த மாணவிதான்.